கட்டிங் வீலுக்கு ‘வெட்டுச் சக்கரம்’ வேண்டாம், ‘அறுப்பு வட்டு’ போதும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டிங் வீலுக்கு என்ன தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டிலேயே இரும்பு டியூப் அறுத்துச் சின்ன வேலைகள் செய்பவர்களுக்காக நாம் தயாரிக்கும் கையேட்டில், கட்டிங் வீலுக்கு ‘வெட்டுச் சக்கரம்’ என்று போட்டிருக்கிறோம். அச்சுக்குப் போகும் முன் அதை மாற்றியே ஆக வேண்டும்.

முதல் காரணம், அதே பெயர் கையேட்டில் இரண்டு பொருளுக்கு வருகிறது. ஹேண்ட் கிரைண்டரில் மாட்டும் 4 அங்குல வட்டும் வெட்டுச் சக்கரம். டியூப் கட்டரின் வாயில் இருக்கும் குட்டி எஃகு உருளையும் வெட்டுச் சக்கரம். ஒன்று நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றிப் பொறி பறக்க இரும்பைத் தேய்த்துத் தள்ளும். இன்னொன்று கையால் திருகத் திருகக் குழாயைச் சுற்றிச் சுற்றி அழுத்தி உள்ளே இறங்கும். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் கடைக்குப் போகிறவர் எதைக் கேட்பார்?

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி மாடித்தோட்டத்துக்குப் பந்தல் போட அங்குலத்துக்கு அங்குலம் சதுர டியூப், 16 கேஜ், அதாவது சுவர் 1.6 மில்லி, வாங்கி வந்தான். புதுக் கிரைண்டர். கூடவே ஒரு தமிழ்க் குறிப்புத் தாள். அதில் மெல்லிய வட்டு, தடித்த வட்டு இரண்டுக்கும் ‘அரைக்கும் சக்கரம்’ என்றே இருந்தது. டியூபை ஒழுங்காகத்தான் அறுத்தான். அப்புறம் முனையில் நின்ற பிசிறை எடுக்க, அதே மெல்லிய வட்டைச் சாய்த்து அதன் முகத்தை இரும்பின் மேல் படுக்க வைத்துத் தேய்த்தான். பெயர் அரைக்கும் சக்கரம் என்றால் அரைக்கத்தானே செய்வார்கள். வட்டு சிதறியது. ஒரு துண்டு சட்டைத் தோளை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் காரையைப் பெயர்த்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது, கிரைண்டர் தரையில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வட்டின் தடிமன் 1 மில்லி, மிஞ்சினால் 1.2 மில்லி. கண்ணாடி இழை வலையில் தேய்ப்புத் துகளைப் பிசின் போட்டு ஒட்டியது. நேராக நிறுத்தி விளிம்பால் இறக்கினால் எஃகைத் தாங்கும். பக்கவாட்டில் அழுத்தினால் அப்பளம். 4 அங்குல வட்டின் விளிம்பு ஓடும் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே நாம் வைக்கும் பெயர் ‘இதன் விளிம்பு மட்டும்தான் வேலை செய்யும்’ என்று கைக்குச் சொல்ல வேண்டும். இந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான் இங்கே வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன்.

பேராசிரியர் ஐயா ‘அறுப்புச் சாணை’ என்று சொன்னார். சாணை பிடித்தல் தெருத்தெருவாக வாழ்ந்த சொல், எனக்கும் அதன் மேல் ஆசை உண்டு. ஆனால் சாணை என்றதும் கத்தியைச் சாய்த்துத் தேய்ப்பதுதான் மனதில் வரும். அந்தத் தம்பி செய்ததும் அதுவே. எனவே சாணை என்ற சொல்லைத் தடித்த கிரைண்டிங் வீலுக்கு வைத்துக்கொள்வோம்: ‘சாணை வட்டு’. 6 மில்லி தடிமன், சாய்த்துத் தேய்க்கவே செய்தது. ஹேண்ட் கிரைண்டருக்கு ‘கைச்சாணை’ என்று அவரே முன்பு சொன்னதையும் ஏற்கலாம். வீட்டில் கிரைண்டர் என்றால் இட்லி மாவுதான் நினைவுக்கு வரும் என்று அவர் எழுதியது சரி.

மதுரை நண்பரின் ‘அறுவட்டு’ அழகான வினைத்தொகை. ஒரு சிக்கல்தான்: அறுசுவை, அறுகோணம் என்று பழகிய கண் அதை ஆறு வட்டு என்று படித்துவிடும். ‘அறுப்பு வட்டு’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. மர அறுப்பு மில், கதிர் அறுப்பு என்று எல்லாரும் பழகிய சொல். நடுவில் ஒற்றும் மிகாது.

வெட்டு ஏன் கூடாது, அறு ஏன் வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பொதுவாகக் ‘கட்’ என்றே சொல்லிவிடுவதால் மொழிபெயர்ப்பவர்கள் எல்லா இடத்திலும் வெட்டு என்று போட்டுவிடுகிறார்கள். நம் பேச்சில் இரண்டும் வேறு வேறு வேலை. ஓங்கியோ அழுத்தியோ முனையை உள்ளே இறக்கினால் வெட்டு: விறகு வெட்டுகிறோம், கத்தரியால் துணி வெட்டுகிறோம். முனையை மேலே ஓட்டி ஓட்டிப் பிரித்தால் அறு: வாளால் மரம் அறுக்கிறோம், கருக்கரிவாளால் நெல் அறுக்கிறோம். கருக்கரிவாளுக்குப் பல் இருப்பதே அதனால்தான். இந்த வேறுபாட்டைத் தச்சருக்கோ கதிர் அறுப்பவருக்கோ யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இதையே பிடித்துக்கொண்டால் கையேட்டின் மற்றக் கருவிகளும் தாமாக வரிசைக்கு வந்துவிடுகின்றன. பல் இருந்தால் ‘வாள்’, பல் இல்லாமல் துகளால் தேய்த்து அறுத்தால் ‘வட்டு’, அழுத்தி வெட்டும் உருளை என்றால் ‘சில்லு’. யாழ்ப்பாணத்து அக்கா சக்கரத்துக்குச் சில்லு என்றே எழுதுவதைப் பார்த்துத்தான் எனக்கு இது தோன்றியது. டியூப் கட்டருக்குச் ‘சுற்றுவெட்டி’, அதன் உருளைக்கு ‘வெட்டுச் சில்லு’. இங்கே வெட்டு சரியாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அது இரும்பைத் துளியும் தூளாக்காமல் நெருக்கிப் பிளக்கிறது. நெருக்கிய இரும்பு குழாயின் உள்பக்கம் உதடு போல மடிந்து நிற்கும். அதற்கு ‘உட்பிசிறு’ போதும். சுற்றுவெட்டி உருண்டைக் குழாய்க்கு மட்டுமே, சதுர டியூபுக்கு ஆகாது என்பதையும் பெயருக்குக் கீழேயே எழுதிவிட வேண்டும்.

கையால் இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடைப் பற்றி இரண்டு வார்த்தை. அதற்கு ‘இரும்பு வாள்’ என்று வைத்திருக்கிறோம். இரும்பால் செய்த வாள் என்று பொருள் போகிறது. ‘இரும்பறு வாள்’ என்று திருத்தலாம். ஒன்றிரண்டு டியூப் மட்டும் அறுக்கப் போகிறவருக்கு நான் இன்னும் இதைத்தான் சொல்வேன். பொறி இல்லை, சத்தம் இல்லை, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கலாம். பல் எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 18 பல் உள்ள பிளேடை 1.6 மில்லிச் சுவரில் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். சதுர டியூபின் மேல் முகத்தில் வாள் வழுக்கிக்கொண்டு போகும், சுகமாக இருக்கும். மேல் முகம் அறுந்து பக்கச் சுவர் இரண்டில் மட்டும் வாள் உட்கார்ந்ததும் ‘டக்’ என்று மாட்டும். அங்கே சுவரின் தடிமனில் ஒரு பல், மிஞ்சினால் இரண்டு பல்தான் நிற்கிறது. வலுக்கட்டாயமாகத் தள்ளினால் பல் உதிரும். 32 பல் பிளேடு போட்டு, ஒரு முகம் அறுந்ததும் டியூபைத் திருப்பி வைஸில் பிடித்து அடுத்த முகத்தை மேலிருந்து அறுத்தால் இந்தத் தொல்லை வராது. பல் எண்ணிக்கைக்குப் ‘பல்நெருக்கம்’ என்று மதுரை நண்பர் சொன்னது அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம்.

கெர்ஃப் என்பதற்கு இன்னும் முடிவாகவில்லை. அறுத்த இடத்தில் விழும் இடைவெளிக்கு ‘அறுப்புத் தடம்’ என்றும், அதில் போகும் இரும்புக்கு ‘சேதாரம்’ என்றும் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சேதாரம் நகைக்கடைச் சொல் ஆயிற்றே என்று ஒருவர் தயங்கினார். அதனால்தான் நல்லது, எல்லா வீட்டிலும் தெரிந்த சொல். 6 மீட்டர் டியூபை அரை மீட்டர் துண்டுகளாக்கினால் 12 துண்டு என்று கணக்குப் போடுகிறோம். பட்டறையில் 14 அங்குல வட்டு மாட்டிய கட் ஆஃப் மெஷினில் தடம் 3 மில்லி வந்தால், 11 அறுப்புக்கு 33 மில்லி சேதாரம். கடைசித் துண்டு 467 மில்லிதான் வரும். அலமாரியின் நாலாவது கால் குட்டையாகப் போவது இப்படித்தான். கோடு போடும்போதே ஒவ்வோர் அறுப்புக்கும் தடத்தைச் சேர்த்துக் குறிக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் ‘சேதாரம் சேர்த்துக் குறிக்கவும்’ என்று போட்டால் மூன்று சொல்லில் முடிந்துவிடும்.

கடைக்குப் போகிறவர் கட்டிங் வீல் என்றுதானே கேட்பார், எதற்கு இவ்வளவு பாடு என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடையில் கட்டிங் வீல் என்றே கேட்கட்டும். கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் ‘கட்டிங் வீல் எனப்படும் அறுப்பு வட்டு’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதுவோம். ஆனால் ‘அறுப்பு வட்டால் அறுக்க மட்டும் செய்யுங்கள், தேய்க்கச் சாணை வட்டை மாட்டுங்கள்’ என்ற எச்சரிக்கையைத் தமிழில் படிப்பவர் மறக்க மாட்டார். பெயரிலேயே வேலை இருக்கிறது. அதோடு, வட்டில் அச்சிட்ட உச்சச் சுற்றளவைப் பார்த்து வாங்குவது, நடு வளையத்தில் பொறித்த காலாவதி மாதத்தையும் ஆண்டையும் பார்ப்பது, கைச்சாணையின் காப்பு மூடியைக் கழற்றாமல் இருப்பது இவற்றையும் அந்த எச்சரிக்கையோடு ஒரே பெட்டிச் செய்தியில் சேர்க்க வேண்டும். ‘உச்சச் சுற்றளவு’ என்று எழுதும்போதே தோன்றுகிறது, அது வட்டத்தின் சுற்றளவு என்று படிக்கப்படும். ‘உச்சச் சுழல்வேகம்’ என்று மாற்றிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்து அக்காவிடம் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. உங்கள் பக்கத்தில் வட்டு என்றால் பனையின் தலைப்பகுதி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ‘அறுப்பு வட்டு’ என்று படித்தால் அங்கே யாருக்காவது பனை வெட்டும் வேலை என்று தோன்றுமா? தோன்றும் என்றால் சொல்லுங்கள், ‘அறுப்புத் தட்டு’ என்று மாற்றிப் பார்ப்போம்.