புதுப்பிப்பு: மணி புத்தகம் அச்சாகி வந்துவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருநாய் மணியைப் பற்றி எழுதிய 64 பக்கப் புத்தகத்தை நானே போடலாமா, எத்தனை பிரதி போடுவது என்று. பலரும் 300 என்றீர்கள். பயந்து 100தான் போட்டேன். நல்லவேளை.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குக் காசு கட்டவேண்டும் என்று ஒருவர் சொன்னாரே, அது தப்பு. மத்திய அரசின் ராஜாராம் மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. தரகர் யாரும் தேவையில்லை.

இனி சோகக் கதை. யூனிகோடில் கொடுத்ததை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அதில் சில பக்கங்களில் ஒற்றைக்கொம்பு மட்டும் காணாமல் போய்விட்டது. "மணி கொட்டாவி விட்டான்" என்பது "மணி காட்டாவி விட்டான்" ஆகிவிட்டது. சொறி, சாறி! மாதிரிப் படியில் அட்டையை மட்டும் பார்த்துத் தலையாட்டியது என் தப்புதான். 100 பிரதியிலும் பேனாவால் கொம்பு போட்டேன். மூன்று ராத்திரி.

"நாட்டு நாய் இனம் பற்றி எழுதியிருக்கலாமே" என்ற அண்ணனுக்கு: 2005இல் அஞ்சல்துறை ராஜபாளையம், முதோல் நாய்களுக்குத் தபால்தலையே போட்டுவிட்டது. மணிக்கு யார் போடுவார்கள்?

இதுவரை 41 போயிருக்கிறது. அதில் ஒன்பது, தினமும் மணிக்கு பன் போடும் டீக்கடைக்காரர் வாங்கியது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.