வாத்தியாரின் ரோடுகிங் கிளம்ப மாட்டேன் என்கிறது

நாமக்கல் புல்லட்காரன்:
ஞாயிறுதோறும் பைக் ஓட்டும் எங்கள் கூட்டத்தில் மூத்தவர், எல்லோருக்கும் வாத்தியார், போன செவ்வாய்க்கிழமை தவறிவிட்டார். நிஜமாகவே வாத்தியார்தான், பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். மின்மயானத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் "வண்டியில விழுந்துட்டாரா?" என்றுதான் கேட்டார்கள். இல்லை, தூக்கத்திலேயே மாரடைப்பு. முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியும் ஒருமுறைகூட விழாத மனுஷன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி எனக்கு வாய் வலித்தது. (சரி, ஒருமுறை விழுந்திருக்கிறார். ராசிபுரம் பக்கம் எருமை குறுக்கே வந்தது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பார்.)

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, என்னைக் கூப்பிட்டு அவருடைய பைக், அந்த யெஸ்டி ரோடுகிங்கின் சாவியைக் கையில் கொடுத்தார். "வாசல்லயே நிக்குது, பார்க்க முடியல. கொஞ்ச நாள் நீ வெச்சிரு." பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு அந்த வண்டியோடு கொல்லிமலை ஏறலாம் என்று பேசியிருக்கிறோம். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, செம்மேட்டில் ஒரு டீ குடித்தால்தான் அவருக்கு மாதம் பிறந்த மாதிரி.

ஆனால் வண்டி கிளம்பவில்லை. கியர் லீவரையே உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் அதுதான் கிக்கர் என்பதுவரை தெரியும். நாற்பது உதை உதைத்தேன், கெண்டைக்கால் வீங்கியதுதான் மிச்சம். டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கிறது. பிளக் காய்ந்து கிடக்கிறது, ஆனால் ஸ்பார்க் வருகிறது. என்ன பார்க்கலாம்? அப்புறம், ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) அவர் பெயரில் இருக்கிறது. நான் ஓட்டலாமா?

சேலம் டூ ஸ்ட்ரோக்:
ரொம்ப வருத்தமாக இருக்கிறது. நானும் இரண்டு முறை அவருடன் ஏற்காடு போயிருக்கிறேன்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. யெஸ்டி மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே இருக்கும். நின்றால் பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆயில் மட்டும் கார்ப்பரேட்டர் ஜெட்டில், அதாவது பெட்ரோல் போகும் சின்ன ஓட்டையில், பிசினாக நிற்கும். ஆனால் ஒரு வாரத்தில் அவ்வளவு ஆகாது. கார்ப்பரேட்டரை உடனே கழற்றாதீர்கள்.

மலை இறங்கும்போது ஒன்று மறக்க வேண்டாம். ஆக்சிலேட்டரை முழுசாக மூடிக்கொண்டே இறங்கினால் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அவர் இறங்கும்போது வளைவுக்கு வளைவு ஒரு உறுமு உறுமுவாரே, அது சும்மா இல்லை.

நாமக்கல் புல்லட்காரன்:
அடப்பாவமே. இத்தனை வருஷமும் சீன் போடுகிறார் என்றல்லவா கிண்டல் செய்தோம்! அவரும் ஒரு நாள் திருத்தியதில்லை, சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு உறுமு உறுமுவார்.

ஆர்டிஓ வேலை தெரிந்தவன்:
உரிமையாளர் இறந்துவிட்டால், வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் 30 நாளுக்குள் பதிவு செய்த அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மூன்று மாதம் வரை ஓட்டலாம். அதற்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்து வையுங்கள். அக்கா பெயரில் எழுதிக் கொடுத்தால் போதும், அவர் சம்மதத்தோடு நீங்கள் ஓட்டலாம். பழைய வண்டி என்பதால் ஆர்சி புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். 15 வருடத்துக்கு அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் முடிந்திருந்தால் தயவுசெய்து ரோட்டில் எடுக்காதீர்கள்.

பவானி ரைடர்:
அண்ணே, பெட்ரோல் டேப்பைப் பார்த்தீங்களா? வாத்தியார் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னாடியே டேப்பை மூடிவிடுவார். கார்ப்பரேட்டரில் இருக்கிற மிச்சத்திலேயே ஓடிவந்து வண்டி சரியாகக் கேட்டு முன்னால் தானாக அணையும். ஜெட்டில் ஆயில் நிற்காது என்பார். நான் ஒருநாள் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அணைகிற சத்தம் கேட்டதும் அக்கா உள்ளே தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது. குறைந்தபட்சம் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நாமக்கல் புல்லட்காரன்:
டேப் மூடித்தான் இருந்தது. புல்லட்டுக்கும் டேப் உண்டு, எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள்.

இன்று காலை திறந்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன். மூன்றாவது உதைக்குக் கிளம்பியது. தெருவே புகை. இரண்டு சைலன்சரும் சேர்ந்து அந்தப் பழைய சத்தம். சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்துவிட்டார், கையில் ஈரத் துணியோடு. வண்டியை எடுத்துப்போகச் சொன்னவர், கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு "அணைக்கிறப்ப சாவியில அணைக்காதப்பா" என்றார்.

டேப்பை மூடினேன். முழுசாக இரண்டு நிமிஷம் ஓடியது. அதுவரை இருவரும் அங்கேயே நின்றோம்.

இன்சூரன்ஸ், ஆர்சி இரண்டும் நடப்பில் இருக்கின்றன. கடிதம் திங்கட்கிழமை கொடுக்கிறோம். வருகிறவர்கள் அந்த ஞாயிறு காலை ஐந்தரைக்குக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். யெஸ்டி முன்னால் போகும், யாரும் முந்த வேண்டாம்.