ஏற்காடு உள்கிராமத்து சர்ச் தொடக்கப்பள்ளி: படிப்பின் தரத்தை எதை வைத்துப் பார்ப்பது?

சேர்வராயன்_அடிவாரம்:
ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு எஸ்டேட் கிராமம். அங்கே சர்ச் நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி. ஐந்தாவது வரை 41 பிள்ளைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து ஆசிரியர்கள் இரண்டே பேர். பையனை இரண்டாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் நல்ல ஸ்கூல் என்கிறார்கள், மீதிப் பேர் சோறு மட்டும்தான் போடுவார்கள் என்கிறார்கள். ரிசல்ட், ரேங்க் எதுவும் இல்லாத பள்ளியை எப்படி எடைபோடுவது? சேலத்துக்கு வேனில் அனுப்பி இங்கிலீஷ் மீடியம் படிக்க வைப்பது மேலா? சர்ச் ஸ்கூல் என்றால் ஜெபத்தில் கட்டாயம் உட்கார வேண்டுமா?

கரும்பலகை:
41 பேருக்கு இரண்டு ஆசிரியர் என்பது குறை இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கே அதுதான்: 60 பிள்ளைகள் வரை இரண்டு, 61 ஆனால் மூன்று. கேட்க வேண்டியது வேறு. இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ வட்டார அலுவலகத்துக்கோ போகிற நாளில் ஐந்து வகுப்பும் ஒரே அறைக்கு வரும். அன்றைக்கு என்ன நடக்கிறது? 'படம் வரையச் சொல்வோம்' என்று பதில் வந்தால் யோசியுங்கள். 'பெரிய பிள்ளைகளுக்கு இந்த வேலை, சின்னதுகளுக்கு இந்த அட்டை' என்று கையில் எடுத்துக் காட்டினால் அங்கே திட்டம் இருக்கிறது.

அடுத்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம். அதில் பல பிள்ளைகள் படத்தைப் பார்த்ததுமே பாடத்தைப் பாட்டு மாதிரி ஒப்பித்துவிடும், கண் எழுத்தில் இருக்காது. ரேஷன் கடை அறிவிப்பு, பஸ் போர்டு, பிஸ்கட் கவர் ஏதாவது கொடுங்கள். புத்தகம்தான் கைவசம் என்றால் படத்தைக் கையால் மறைத்து, வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேளுங்கள். முதல் சொல்லிலிருந்து ஓடிவந்து அந்த இடத்தில் நின்றால் அது மனப்பாடம்.

தடுக்குமிடம் பெரும்பாலும் கொம்புதான். கெ, கே, கொ, கோ நான்கையும் கலந்து எழுதிக் காட்டுங்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை 'கொடி', 'கோடி' இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கும். ல, ள, ழ உச்சரிப்புக் குழப்பம் ஐந்தாவது வரைக்கும் இருக்கும், பெரியவர்களிடமே இருக்கிறது. அதற்காகப் பள்ளியைக் குறை சொல்ல முடியாது.

காப்பிக்கொட்டை:
கரும்பலகை சார் சொன்னதோடு கணக்கையும் பார்த்துவிடுங்கள். நான்காம் வகுப்புக்கு 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று விடை வந்தால் பிள்ளை 'பெரியதில் சின்னதைக் கழி' என்று மட்டும் புரிந்துவைத்திருக்கிறது. ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று, அவ்வளவுதான். கடன் வாங்குவதைக் கரும்பலகையில் மட்டும் சொல்லித் தந்தால் இப்படித்தான் ஆகும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் வகுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டு, 12 உதிரி. ஏழை எடுத்தால் ஐந்து மிச்சம், இரண்டு கட்டை எடுத்தால் இரண்டு கட்டு மிச்சம், 25. ரப்பர் பேண்ட் நைந்து, குச்சி அழுக்கேறி இருந்தால் சந்தோஷப்படுங்கள். பாலித்தீன் கவரே பிரிக்காமல் பீரோவுக்குள் இருந்தால் அது ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வைத்தது.

மலையில் இன்னொரு சிக்கல் பழம் பறிப்பு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம், அதை ஒட்டியே மிளகு. பெற்றோர் இருட்டோடு எஸ்டேட்டுக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்தது வீட்டில் நின்றுவிடும். அரையாண்டுத் தேர்வும் அதே டிசம்பரில்தான். நோட்டை வாங்கித் தேதிகளைப் பாருங்கள். மூன்று வாரம் விட்டு வந்த பிள்ளையை அன்றைய பாடத்திலேயே உட்காரவைத்தார்களா, விட்ட இடத்திலிருந்து பிடித்தார்களா என்பது அதிலேயே தெரியும். எல்லா நோட்டிலும் ஒரே அழகான கையெழுத்து, ஒரே எழுத்துப்பிழை என்றால் போர்டைப் பார்த்து எழுதியது. தப்பும் தவறுமாகச் சொந்த வாக்கியம் இருந்து, அதைத் திருத்தி மறுபடி எழுதவைத்த நோட்டுதான் நல்ல நோட்டு.

சேர்வராயன்_அடிவாரம்:
நன்றி சார், நன்றி அக்கா. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறார்கள். ஆள் இல்லாததால் செய்கிற ஒப்பேற்றலா?

கரும்பலகை:
இல்லை. 2022 ஜூனில் அரசு தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' கற்பித்தல் முறையே பல வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க வசதியானதுதான். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லை என்றால் அரும்பில் ஆரம்பிக்கும். 4, 5 வகுப்புகளுக்கு அடுத்த வருஷம் விரிவுபடுத்தினார்கள். கோளாறு எங்கே என்றால், ஜூனில் ஒரு தடவை நிலை பிரித்துவிட்டு மார்ச் வரை அதிலேயே விட்டுவிடுவது. 'போன மாதம் அரும்பிலிருந்து மொட்டுக்கு யார் மாறினார்கள்?' என்று கேளுங்கள். பெயர் சொன்னால் போதும்.

இருபதாவது_வளைவு:
வேன் விஷயம். சேலம் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஆறு வயதுப் பிள்ளை தினம் இரண்டு வேளை இறங்கி ஏறினால் பாதி நாள் வாந்தி, மீதி நாள் தூக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்தால் அன்றைக்கு லீவு. ஏற்காடு டவுன் வரைக்கும் என்றால் யோசிக்கலாம், ஆனால் வீட்டில் இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் இல்லை என்றால் மீடியம் மாற்றுவது டியூஷனில்தான் போய் முடியும்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆறாவதிலிருந்து எங்கே படித்தான் என்பதைத்தான் பார்ப்பார்கள், தொடக்கப்பள்ளி எதுவானாலும் பாதிக்காது. சோறு மட்டும்தான் என்கிறவர்களிடம் சொல்லுங்கள்: 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டது. முதல் பீரியடில் பசியோடு உட்காரும் பிள்ளைக்குக் கொம்பாவது துணைக்காலாவது.

ஜெபம்: அரசியல் சட்டம் 28(3)படி, அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ உட்காரவைக்க முடியாது. வேண்டாம் என்றால் சேர்க்கும்போதே தாளாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

காப்பிக்கொட்டை:
ஒன்று விட்டுப்போச்சு. இரண்டு ஆசிரியரில் யாராவது இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார்களா என்று விசாரியுங்கள். உதவி பெறும் பள்ளியில் காலிப் பணியிடம் நிரம்ப நாளாகும், அதுவரை நிர்வாகம் கைக்காசில் யாரையாவது போட்டு ஓட்டும். அப்படி வருகிறவர் டி.டி.எட். (தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்) முடித்தவரா என்றும் கேட்டுவையுங்கள். பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான், அதனால் சேர்ப்பதென்றால் ஜூனிலேயே சேர்த்து எமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவு) பெயர் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.