ஒரே சாப்பாடுதான், எனக்கு மட்டும் காட்மியம் ஏன் அதிகம்?

மல்லிகைப்பந்தல்:
வீட்டுக்காரரும் நானும் ஒரே பானையில் வடித்ததைத்தான் சாப்பிடுகிறோம். இருவருமே புகைப்பதில்லை. சிறுநீரில் காட்மியம் என்ற நச்சு உலோகம் எவ்வளவு என்று பார்த்தபோது எனக்கு அவரைப்போல இரண்டு பங்கு! மனுஷனுக்கு ஒரே சிரிப்பு. பெண் உடம்பு என்றால் அப்படித்தானா?

பழைய லேப்காரன்:
ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்தீர்களா?

மல்லிகைப்பந்தல்:
9தான், குறைவு என்றார்கள். மாதவிலக்கு எனக்கு எப்போதுமே அதிகம்.

பழைய லேப்காரன்:
அங்கேதான் விஷயம், சகோதரி. இரும்பை உள்ளே இழுக்க குடலில் டிஎம்டி1 என்றொரு புரதம் இருக்கிறது. இரும்பு குறைந்தால் உடம்பு அதை அதிகமாக்கும். அந்தக் கதவுக்கு ஆள் அடையாளம் தெரியாது. காட்மியமும் கூடவே நுழைந்துவிடும். சாதாரணமாகச் சாப்பாட்டுக் காட்மியத்தில் 5 சதவீதம் போல ஏறும். இரும்பு குறைந்தவர்களுக்கு 10 சதவீதம்கூட ஆகலாம். போனது சிறுநீரகத்தில் 10 முதல் 30 வருடம் குடியிருக்கும். ஜப்பானின் ஜின்சூ ஆற்றங்கரையில் காட்மியத்தால் வந்த இட்டாய்-இட்டாய் நோயிலும் எலும்பு நொறுங்கியவர்கள் பெரும்பாலும் பல பிள்ளை பெற்ற, வயதான பெண்கள்தான்.

ராத்திரிப்பறவை:
ஈயமும் கிட்டத்தட்ட இதே கதை. வெறும் வயிற்றில் பல மடங்கு ஏறும், கால்சியம் குறைந்தாலும் ஏறும். எலும்பில் தங்கிய பழைய ஈயம் கர்ப்பத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தத்துக்குத் திரும்பும். என் அம்மாவுக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

மல்லிகைப்பந்தல்:
அப்போ இரும்பு மாத்திரை போட்டால் காட்மியம் இறங்குமா?

பழைய லேப்காரன்:
ஏறியது சட்டென்று இறங்காது, இனி ஏறுவது குறையும். டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். மாத்திரையை டீயோடு மட்டும் விழுங்காதீர்கள்!