பில்ட் நடுவுல டிஎல்எல் லாக் ஆயிடுது, யாரு புடிச்சு வச்சிருக்கான்னே தெரியல

கேட்டவர்:
விண்டோஸ் பில்ட் சர்வர்ல (கோட ப்ரோக்ராமா மாத்தித் தர்ற மெஷின்) பத்து நாளா ஒரே ரோதனை. டிஎல்எல்ல (ப்ரோக்ராம்கள் லோட் பண்ணிக்கிற கோட் ஃபைல்) காப்பி பண்ற ஸ்டெப் வந்ததும் எம்எஸ்பி3026 வார்னிங் வரிசையா வருது, 1000 மில்லிசெகண்ட் கழிச்சு திரும்ப ட்ரை பண்றேன்னு பத்து தடவை சொல்லிட்டு கடைசில எம்எஸ்பி3027 எரர் அடிச்சு படுத்துக்குது. ஃபைல வேற ப்ராசஸ் யூஸ் பண்ணுதாம். கொடுமை என்னன்னா காலைல ஓடுற முதல் பில்ட் எப்பவும் பாஸ், ஆளாளுக்கு கமிட் அடிச்சு (கோட் மாத்தத்த ஏத்தி) அடுத்தடுத்து பில்ட் ஓடுற நேரத்துல தான் செத்துப்போகுது. ரீட்ரை கவுன்ட்ட 30 ஆக்கிடலாமா?

பதில் 1:
ஏத்தாதீங்க, பில்ட் இன்னும் கொஞ்சம் லேட்டா ஃபெயில் ஆகும், அவ்ளோதான். முதல்ல ஆளைப் புடிங்க. ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்னு ஒரு டூல் இருக்கு, அதுல கன்ட்ரோல் எஃப் அடிச்சு டிஎல்எல் பேரு போட்டா எந்த ப்ராசஸ்னு காட்டிரும். ஃபெயில் ஆன உடனே பாருங்க, டீ குடிச்சிட்டு வந்து பாத்தா அவன் ஓடிப்போயிருப்பான். ஆன்டிவைரஸ் மேல பழிபோட எல்லாரும் ரெடியா இருப்பாங்க, பாக்காம நம்பாதீங்க.

கேட்டவர்:
பாத்தேன். சிரிக்காதீங்க, புடிச்சு வச்சிருக்கறது பில்ட ஓட்டுற எம்எஸ்பில்ட் டூலே தான்! ஆனா அந்த நேரத்துல எந்த பில்டும் ஓடல.

பதில் 2:
அந்த டிஎல்எல் பில்டுக்குள்ள ஒரு ஸ்டெப்பா ஓட நீங்களே எழுதின கஸ்டம் டாஸ்க்கா? அதே சொல்யூஷன்லயே பில்ட் பண்ணி அதே சொல்யூஷன்லயே யூஸ் பண்றீங்களா? அப்படின்னா விஷயம் இதான். பேரலலா ஓட்டும்போது வர்ற வொர்க்கர் நோடுங்க (எம்எஸ்பில்டோட துணை ப்ராசஸ்ங்க) பில்ட் முடிஞ்சதும் சாகாது, அடுத்த பில்டுக்கு ஸ்டார்ட் ஆகுற நேரம் மிச்சம்னு சும்மா இருந்தா 15 நிமிஷம் வரைக்கும் உயிரோட காத்துட்டு இருக்கும், லோட் பண்ண டாஸ்க் டிஎல்எல்லையும் விடாது. அதுக்குள்ள அடுத்த பில்ட் வந்து அதே ஃபைல் மேல எழுதப் பாத்தா மாட்டிக்கும். காலைல பாஸ் ஆகுறதும் அதனால தான், ராத்திரியே நோடெல்லாம் செத்துருக்கும். சர்வர்ல மட்டும் நோட்ரீயூஸ் ஃபால்ஸ் குடுங்க, நோடுங்க காத்திருக்காம பில்ட் முடிஞ்சதும் போயிடும். அனலைசர் (கோட்ல தப்பு பாக்குற டூல்) டிஎல்எல்லும் மாட்டுச்சுன்னா அது பின்னாடி ஓடிட்டே இருக்கற விபிசிஎஸ்கம்பைலர்ங்கற கம்பைலர் ப்ராசஸ் வேலையா இருக்கும், டாட்நெட் பில்ட்-சர்வர் ஷட்டவுன்னு ஒரு கமாண்ட் இருக்கு, பில்ட் முடிவுல போட்டுடுங்க.

பதில் 3:
லினக்ஸ்ல இந்த தலைவலி கம்மி, யூஸ்ல இருக்கற ஃபைல டெலீட் பண்ணாலும் பேரு தான் போகும், ஓடிட்டு இருக்கறவன் பழசையே வச்சு ஓட்டிப்பான். விண்டோஸ்ல லோட் ஆன டிஎல்எல்ல டெலீட் பண்ண விடாது, ஆனா அதே டிரைவ்ல பேரு மாத்த பெரும்பாலும் விடும். அவசரத்துக்கு பழசை ரீநேம் பண்ணிட்டு புதுசை காப்பி பண்ணி தப்பிச்சிருக்கேன், அப்புறம் அந்த குப்பையை கூட்ட ஒரு தனி ஸ்க்ரிப்ட் எழுத வேண்டியதா போச்சு 😅

கேட்டவர்:
அதே தான், கஸ்டம் டாஸ்க்! நோட்ரீயூஸ ஆஃப் பண்ணிட்டு அடுத்தடுத்து ஆறு பில்ட் விட்டேன், ஆறும் பாஸ். பில்ட் லேசா ஸ்லோ ஆயிருக்கு, பரவால்ல. டாஸ்க்க தனி பேக்கேஜா பிரிச்சுட்டு திரும்ப ஆன் பண்ணிக்கிறேன். தேடும்போது முந்தாநாள் டெஸ்ட்ஹோஸ்ட் (டெஸ்ட் ஓட்டுற ப்ராசஸ்) ஒண்ணும் தொங்கிட்டு இருந்துச்சு, அதுக்கு டைம்அவுட்டே வைக்கலையாம், வைக்காம விட்டது நான் தான்.