பழைய அம்பாசடரில் ஓடாத வேகமானியும் தொங்கும் ஒயர்களும்

கேள்வி: வணக்கம். அண்மையில் வாங்கிய 1992ஆம் ஆண்டு அம்பாசடரில் வேகமானி முள் அசைவதில்லை. கிலோமீட்டர் எண்களும் ஓடவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் எதிலும் இணையாமல் தொங்குகின்றன. அவைதான் காரணமா?

பதில் 1: இல்லை. இந்த வேகமானிக்கு மின்சாரம் தேவையில்லை; கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் உள்ள காந்தத்தைச் சுழற்ற, அதன் இழுப்பில் அலுமினியக் கிண்ணத்தோடு முள்ளும் திரும்புகிறது. எண்கள் ஓடி முள் மட்டும் நின்றிருந்தால் மீட்டரைச் சந்தேகிக்கலாம். இரண்டுமே நின்றிருப்பதால் முதலில் கேபிளைப் பாருங்கள். மீட்டரின் பின்புறம் அதைக் கழற்றி உள்கம்பியை இழுத்தால், அறுந்திருக்கும்போது பாதி மட்டும் கையோடு வரும். முழுதாக இருந்தால், வண்டியை மெல்ல நகர்த்தச் சொல்லி அதன் முனை சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழலாவிட்டால் கியர்பாக்ஸ் பக்கத்துப் பல்சக்கரம் தேய்ந்திருக்கக்கூடும்.

பதில் 2: ஒயர்கள் பெரும்பாலும் பழைய ஸ்டீரியோவுக்கு இழுத்தவையாக இருக்கும். நிறத்தை நம்பாமல், சாவி போட்டும் போடாமலும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். சாவியின்றியே விளக்கு எரிந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு, ஒயர் கிளம்பும் இடம்வரை தேடிச் சென்று அங்கேயே துண்டியுங்கள். நுனியில் டேப் சுற்றுவது போதாது, ஏனெனில் ஃபியூஸ் இல்லாத ஒயர் பாடியில் உரசினால் தீப்பிடிக்கும்.

கேட்டவர்: நன்றி. உள்கம்பி பாதிதான் வந்தது.

பதில் 1: புதிய கேபிளை வளைவு அதிகமின்றிப் பொருத்துங்கள். மீட்டர் பக்க நுனியில் கிரீஸ் தடவ வேண்டாம். அது மேலேறி மீட்டரைக் கெடுத்துவிடும்.