ஜோக்ஜாவிலிருந்து சோலோ போய் பசார் கெடே பார்ப்பது தகுமா?

வாய்க்கால்கரை:
அடுத்த மாதம் அம்மாவோடு ஜாவா போகிறேன். நான்கு நாளும் ஜோக்ஜா என்கிற யோக்யகர்த்தாவில்தான் தங்கல். பொரொபுதூர், பிரம்பானான் கோயில்களுக்கு இரண்டு நாள் போய்விடும். மீதியில் ஒரு நாளைப் பழைய சந்தைக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம், ஏனென்றால் அம்மாவுக்கு எந்த ஊருக்குப் போனாலும் சந்தைக்குள் நுழைந்து காய் என்ன விலை என்று கேட்டால்தான் அந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். ஜோக்ஜாவிலேயே பெரிங்ஹார்ஜோ சந்தை இருக்கிறது. ஆனால் பக்கத்து ஊரான சோலோவில் உள்ள பசார் கெடே சந்தையைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். அதற்காக ரயிலேறிப் போகலாமா? அம்மாவுக்கு 68 வயது, நன்றாக நடப்பார், படி ஏறினால்தான் முழங்கால் வலிக்கும். இருவருமே சைவம், முட்டையும் கிடையாது. துணி வாங்கும் எண்ணம் பெரிதாக இல்லை. போனவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்வெயில்:
நான் பெரிங்ஹார்ஜோ பக்கம்தான் பேசுவேன். அரண்மனைக்கு வடக்கே, மாலியோபோரோ தெருவோடு சேர்ந்தே இருக்கிறது, அலைச்சல் இல்லை. இப்போது நிற்கும் கான்கிரீட் கட்டடங்கள் 1925 வாக்கில் எழுந்தவை, ஆனால் சந்தை அந்த இடத்தில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே கூடுகிறது. 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அரண்மனை வழியாக வடக்கு தெற்காகப் போகிற அந்த ஜோக்ஜா அச்சுக்கோட்டின் மேல்தான் இருக்கிறது.

எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. மேற்கு வாசலில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாட்டிக் துணி மலை மாதிரி குவிந்திருக்கும், அதிலேயே சுற்றிவிட்டு சந்தை பார்த்தாகிவிட்டது என்று வெளியே வந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் கிழக்குப் பக்கம் உள்ளே போங்கள். ஜாமு என்கிற ஜாவா மூலிகை மருந்துக்கான சரக்குகள் அங்கேதான். மஞ்சள், கச்சோலம், சாம்பிராணிக் கட்டி, அப்புறம் நம் நாட்டு மருந்துக்கடையில் வாங்குகிற அதே வால்மிளகு. வால்மிளகுக்குச் சொந்த ஊரே ஜாவா பக்கம்தான். என் பாட்டி இருமலுக்கு இடித்துக் கொடுத்த சாமான், அதன் சொந்த மண்ணில் மூட்டையாகக் கிடந்ததைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

இன்னொன்று. அங்கே சுமை தூக்குபவர்கள் பெரும்பாலும் பெண்கள், வயதானவர்களும் உண்டு. நீளமான துணியால் மூட்டையை முதுகோடு சேர்த்துக் கட்டி, முடிச்சை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வருவார்கள். சந்து குறுகல். அவர்கள் வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள்.

ஈப்போக்காரன்:
மஞ்சள்வெயில் சொன்னதில் தவறில்லை, ஆனால் கேட்டவர் துணி வேண்டாம், காய் விலை கேட்கிற அம்மா என்கிறார். அப்படியென்றால் பசார் கெடேதான், யோசிக்கவே வேண்டாம். நான் மூன்று முறை போயிருக்கிறேன்.

முதலில் பயணம். ஜோக்ஜாவிலிருந்து சோலோவுக்கு 2021 முதல் மின்சார ரயில் ஓடுகிறது, நான் போனபோது கட்டணம் 8,000 ரூபியா, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இருக்கைக்கு முன்பதிவு கிடையாது, அதனால் சனி ஞாயிறைத் தவிர்த்துவிட்டு அதிகாலை வண்டியைப் பிடியுங்கள், அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். சோலோ பலாபான் நிலையத்தில் இறங்கி ஒரு வண்டி பிடித்தால் கொஞ்ச நேரத்தில் சந்தை வாசல்.

கட்டடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வரைந்தவர் தாமஸ் கார்ஸ்டன் என்ற டச்சுக்காரர், திறந்தது 1930-ல். டச்சுக் காலக் கட்டடம் என்றதும் வெள்ளைத் தூணும் வளைவுமாக நினைத்துப் போகாதீர்கள். கூரை உயரமாக, அடுக்கடுக்காக ஏறுகிறது, அடுக்குகளுக்கு நடுவே காற்றும் வெளிச்சமும் வருகிறது. கடும் வெயிலிலும் உள்ளே மூச்சு முட்டாது. விற்கிற பெண்கள் அகலமான மேடைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், கீரையும் மிளகாயும் வெங்காயமும் கையெட்டும் தூரத்தில் சுற்றிலும் பரப்பியிருக்கும், வாங்குகிறவர் குனியாமல் நின்றபடியே பொறுக்கலாம். நாள் முழுக்கச் சந்தையில் உட்காரும் மனுஷியை மனதில் வைத்துக் கட்டியது என்று அங்கே கொஞ்ச நேரம் நின்றாலே தெரிந்துவிடும். கார்ஸ்டன் 1945-ல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இறந்துபோனார். 2000-ல் சந்தை தீப்பிடித்து எரிந்தது. பழைய வடிவத்தை மாற்றாமலேயே திரும்ப எழுப்பினார்கள், அதற்காகவே அந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. முழங்கால் பற்றிக் கவலை வேண்டாம், முக்கியமானதெல்லாம் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. நான் போனபோது தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னக் கட்டடத்தில் பழங்கள் விற்றார்கள், 2024-ல் அது தீப்பிடித்தது. பக்கத்திலேயே தியென் கொக் சி என்ற பழைய சீனக் கோயில். அது சீனர்கள் நெடுங்காலமாக வாழ்கிற பகுதி, சீனப் புத்தாண்டுச் சமயத்தில் சந்தையைச் சுற்றித் தெருவெல்லாம் சிவப்பு விளக்கு தொங்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். உள்ளே டாவெட் என்கிற தேங்காய்ப்பால் பானம் விற்கும் கடைகளைத் தேடுங்கள். சின்னக் கிண்ணம். சேமியா மாதிரியான பச்சை நிற டாவெட், அரிசிமாவுக் கஞ்சி, கருப்புக் கவுனி மாதிரியான ஒட்டரிசி, ஊறி வீங்கிய சப்ஜா விதை எல்லாம் ஒவ்வொரு கரண்டி விழும். மேலே தேங்காய்ப்பால், சர்க்கரைப் பாகு, ஐஸ். கடைக்கார அம்மா கை நிற்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒரு குட்டி பெஞ்சில் இடம் கிடைத்தால் உட்காரலாம், இல்லாவிட்டால் நின்றே குடிக்க வேண்டியதுதான். மதியம் கடந்து போனால் தீர்ந்திருக்கும்.

வாய்க்கால்கரை:
மிக்க நன்றி, இருவருக்கும். ஈப்போக்காரன் அண்ணா, படித்துக் காட்டியதும் அம்மா சோலோ என்று முடிவே செய்துவிட்டார். கருப்பு அரிசிக் கஞ்சி என்றதும் முகமே மாறிவிட்டது. டாவெட் தவிர சைவமாக வேறு என்ன கிடைக்கும்? கறி கலந்திருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

நொச்சியிலை:
சைவம் பற்றி நான் சொல்கிறேன், ஆறு மாதம் சோலோவில் வேலை பார்த்தேன், நானும் சைவம்தான்.

கறி கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாதது தெராசி, அதாவது இறால் புளிக்கவைத்த விழுது, மலேசியாவில் பெலாச்சான் என்பார்களே அதுதான். சம்பல் என்று எதைக் கண்டாலும் "தான்பா தெராசி?" என்று கேளுங்கள், தெராசி இல்லாமலா என்று பொருள். பிராம்பாங் ஆசெம் என்று சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கீரையை வேகவைத்துப் புளியும் வெல்லமும் சேர்த்த சாற்றோடு தருவார்கள், கீரைதானே என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், அந்தச் சாற்றிலும் பெரும்பாலும் தெராசி இருக்கும்.

பயமில்லாமல் சாப்பிட லெஞ்ஜோங்கான் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கை இடித்த கெதுக், ரப்பர் மாதிரி இழுபடும் செனில், காய்ந்த மரவள்ளி மாவில் செய்த தீவுல், ஒட்டரிசி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வாழையிலையில் வைத்து, தேங்காய்த்துருவல் தூவி, வெல்லப்பாகு ஊற்றித் தருவார்கள். அம்மாவுக்கு இது நிச்சயம் பிடிக்கும். பாகு இலையிலிருந்து வழியும், கையில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வாங்கிவர இந்திப். பானை அடியில் பிடித்த சோற்றுக் காந்தலை அப்படியே வட்டமாக எடுத்து, வெயிலில் காயவைத்துப் பொரித்தது. வெல்லம் தடவியதும் உண்டு, உப்புப் போட்டதும் உண்டு. காந்தலுக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள் யாரானாலும் அதை விடமாட்டார்கள். பக்கத்திலேயே அபோன் என்று பஞ்சு மாதிரி ஒன்று பாக்கெட்டில் இருக்கும், அது இறைச்சி, எடுத்துவிடாதீர்கள். இந்திப்பைப் பெட்டிக்குள் வைத்தால் நொறுங்கிவிடும், கைப்பையில் மேலாக வைத்துக் கொண்டுவாருங்கள்.

விலை கேட்க "பிந்தென், பு?" என்றால் போதும். இந்தோனேசிய மொழியில் கேட்பதை விட ஜாவா மொழியில் இந்த இரண்டு சொல் சொன்னால் அந்த அம்மாக்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு பிடி மிளகாய் போடுவார்கள். எனக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஈப்போக்காரன்:
நொச்சியிலை சொன்ன தெராசி விஷயத்தை நானே சொல்லியிருக்க வேண்டும், நல்லவேளை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சாப்பிட்டு முடித்தும் நேரமிருந்தால் பழம்பொருள் விற்கும் திரிவிண்டு சந்தைக்குப் போங்கள், 1939-ல் மங்குநகரா அரசர் ஆட்சிக்கு வந்து மூன்று விண்டு, அதாவது 24 ஆண்டு நிறைந்ததற்காக ஏற்பட்டது. வாங்க வேண்டாம், புதிதாகச் செய்து பழசாக்கியதும் கலந்திருக்கும். ஆனால் அதை முதலில் வைத்துக்கொண்டு பசார் கெடேக்குப் பதினொரு மணிக்குப் போகாதீர்கள். ஏழரைக்கு பசார் கெடே வாசலில் இருங்கள்.